வலது முன் கதவு

இண்டிகேட்டர் துடிக்கத் துடிக்க வந்து நின்றது வண்டி.
வள்ளியூர் பைபாஸிலிருந்து இறங்கி
வெகுநேரம் ஆகியும்
இடது விளக்கு அணையவில்லை.
சமூகரெங்கபுரம் கோயில்பிச்சை
கதவை அறைந்து சாத்தினார். கச்சான் காற்று
வேட்டியை ஒருதரம் உருவிப் பார்த்தது.

"இடது ஸ்பீக்கரு செத்து ரெண்டு வருசம்.
இப்பம் வலதும் கரகரங்கு,
சளி கட்டுன தொண்ட மாதிரி.
பாத்துச் செய்யும் வே."

நான் பாட்டுப் போடுவதில்லை, எடுத்த எடுப்பில்.
தவில் எந்தக் கிழிசலையும் மூடிவிடும்.
செய்தி வாசிக்கிற குரல் போதும்.
'ச' வந்தால் சீறியது.
'ம' வந்தால் தகரம் அதிர்ந்தது.
கதவு அட்டையை உள்ளங்கையால் அமுக்கினேன்,
அப்படியும் அதிர்ந்தது.
ஆக்சிலேட்டரை மிதித்தேன்.
இரைச்சல் கூட ஏறவில்லை; எர்த்தைக் குறை சொல்ல முடியாது.
செட்டில் பேலன்ஸ்
வலது ஓரம், கடைசிவரை.

"இது யாரு வச்சது?"
"நாந்தாம். செத்ததுக்கு எதுக்குக் கரண்டு?"

ஏழு ஸ்குரூ, நாலு கிளிப்
(ஒன்றை எவனோ முன்பே ஒடித்திருக்கிறான்),
உள்ளே செம்மண், டோல்கேட் ரசீது, ஒரு வேப்பங்கொட்டை.
ஸ்பீக்கரின் கூம்பில் நாலு விரல் வைத்து
சமமாக அழுத்தினேன்.
மணலில் செருப்புத் தேய்கிற சத்தம்.
சுற்று ரப்பர் ஒருபுறம் விட்டுப்போய்
காயில் கருகிய வாடை.
இரண்டு பேர் சுமையை ஒருவன் சுமந்த கதை.

பிறகு இடது கதவு.
பிணம் எடுக்கப் போகிறவன்போல்தான் கழற்றினேன்.
கூம்பில் ஒரு கீறல் இல்லை.
டார்ச் கட்டையை வயரில் தொட்டேன்:
டப்.
மீட்டரில் மூணே முக்கால் ஓம்.
கம்பெனிக்காரன் கொடுத்த நாள்போல் இருக்கிறது.

பேலன்ஸை இடது ஓரத்துக்குத் தள்ளி
சீழ்க்கை டோனை மெல்ல ஏற்றினேன்.
பரோட்டாக் கடை நாய் எழுந்து நின்றது.
பஞ்சர் ஒட்டுகிற பையன் காதைப் பொத்தினான்.
அவர் டிரைவர் சீட்டில் இருந்தபடி,
வலது ஜன்னலில் லாரி லாரியாகப் போக,
"போட்டாச்சா?" என்றார்.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.
ஒயரை மாற்றிக் கொடுத்துப் பார்ப்போம் நாங்கள்.
பழுது கூடவே போனால் ஸ்பீக்கர்,
போகாமல் நின்றால் செட்.
"அண்ணாச்சி, இறங்கி
இந்தப் பக்கம் வந்து நில்லுங்க.
ரோட்டப் பாத்து."

வந்தார். நின்றார்.
வலது காதுக்கு நேரே இடது கதவு.
முகம் மாறியதை நான் பார்க்கவில்லை,
ஸ்குரூ தேடிக் குனிந்திருந்தேன்.
தானாகவே திரும்பி நின்று பார்த்தார்.
மறுபடி திரும்பினார்.
மறுபடி.

"கெணத்துக் கம்ப்ரசர்ல பன்னெண்டு வருசம்," என்றார்.
"மெசினு எப்பவும் இடப்பக்கம் நிக்கும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"கமலபுஷ்பமும்
அந்தச் சீட்லதாம் இருப்பா.
வண்டியேறுனா வாயே தெறக்க மாட்டுக்காளேன்னு
நானும் பேசுறதில்ல."

நாய் படுத்துவிட்டது.

ஜோடியாகத்தான் விற்பான். என்னிடம்
ஒற்றை ஒன்று கிடந்தது, கொஞ்சம் வேறு நிறம்.
எழுநூறு சொன்னேன், அறுநூற்றைம்பது கொடுத்தார்.
வால்யூம் இருபத்திரண்டுக்கு மேலே ஏற்றினால்
எந்தக் கூம்பும் கிழியும் என்று
செட்டின் ஓரத்தில் எழுதி ஒட்டினேன்.
பேலன்ஸ் நடுவில் வைக்கப்போனேன்.
"வேண்டாம், வலதுலயே இருக்கட்டு,"
என்றவர், கையை எடுக்கவிடாமல்
கொஞ்சம் யோசித்து,
"இல்ல, நடுவுல வையும்.
அவளும் கேக்கணும்லா."

வண்டி பைபாஸ் ஏறியது.
இடது இண்டிகேட்டர் இன்னும் துடிக்கிறது.
டிக் டிக் என்று அது சொல்வது அவருக்கு எட்டாது;
வேகத்தடை தாண்டுமுன் ஓடினேன்,
வலது பக்கமாக.