சிப்பி எந்தப் பக்கம்

நானூறு, நானூற்றிப் பத்து, இருபது…
அப்புறம் என்ன வரும்?
மூக்கையூர்த் துறைமுகமே என் வாயைப் பார்க்கிறது.
காலடியில் ஒரு குவியல் மீன்,
செவுள் இன்னும் திறந்து மூடுகிறது.
இருபத்திரண்டு வருஷமாக நான் கூவி விற்ற மீன்தான்.
பெயர் மட்டும்
நாக்குக்குக் கீழே நங்கூரம் போட்டுக் கிடக்கிறது.
"வெளமீனுய்யா" என்கிறாள்
சாயல்குடி கூடைக்காரி பஞ்சவர்ணம்.
யாரும் சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.

காலையில் ஒன்று, ராத்திரி ஒன்றரை.
அரையை நறுக்கத் தனியாக ஒரு பிளேடு
வைத்திருக்கிறாள் வியாகுலம்.
முன்பெல்லாம் கணக்கு எனக்குள்
இறால் மாதிரித் துள்ளும்:
எடை, விலை, தரகு, போன வாரப் பாக்கி.
நோட்டு எதற்கு?
இப்போது ஒவ்வொரு எண்ணும்
சேற்றில் கால் புதையப் புதைய நடந்து வருகிறது.
வந்து சேர்வதற்குள் மீனுக்கு ஐஸ் போட்டு
லாரியில் ஏற்றிவிடுகிறார்கள்.

ராமநாதபுரம் டாக்டரிடம் சொன்னேன்.
"மருந்தால்தான், கொஞ்சம் மந்தமாக இருக்கும்.
வேறு மாத்திரைக்கு மெதுவாகத்தான் மாற முடியும்.
நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்."
பஸ்ஸில் வரும்போதே
கடைசி வாக்கியத்தை மறந்துவிட்டேன்.

இல்லை, மறக்கவில்லை. பொய் சொல்கிறேன்.
தடைக்காலம் முடிந்து படகு இறங்குகிற வாரம் அது.
மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கித்
தண்ணீரை மட்டும் விழுங்கி
உடைமரத்துக்குப் பின்னால் போய்த் துப்பினேன்.

மூன்று நாள்.
நகரை, ஊளி, முரல், பாறை, சீலா
என்று கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்தன.
எங்கள் கல்யாணத்தன்று மழை பெய்ததா என்ற
பழைய சண்டையில் வியாகுலத்தை ஜெயித்தேன்.
(பெய்தது. பந்தலில் பந்திப்பாய் நனைந்தது.)

நாலாம் நாள் என்னிடம் இல்லை.
"என்ன கூவு கூவினாய் அன்றைக்கு!" என்கிறார்கள்.
"கீழக்கரை யாபாரியையும் தொண்டிக்காரரையும் மோதவிட்டு
ஒரு கூடை கணவாயை எங்கே கொண்டுபோய் நிறுத்தினாய்!"
அதன் பிறகு விழுந்தேனாம்.
ஐஸ்பெட்டி விளிம்பில் நெற்றி.
யாரோ கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்களாம்,
இன்னொருவர் அதைப் பிடுங்கி எறிந்து
ஒருக்களித்துப் படுக்க வைத்தாராம்.
என் ஆயுசிலேயே சிறந்த ஏலம்
ஊரார் தலைகளில் இருக்கிறது.
என்னிடம் இருப்பது ஏழு தையல்.

இப்போது "இதோ, இது" என்று விரலை நீட்டுகிறேன்,
கூட்டம் பெயரைச் சொல்கிறது.
என் தயக்கத்துக்குள் கைவிட்டு
யாபாரி பத்து ரூபாய் எடுத்துக்கொள்கிறார்.
பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன்.

மாத்திரை போட்டேனா என்பதையும்
அதே மாத்திரை தின்றுவிடுவதால்
ஜன்னலில் ஒரு சிப்பி வைத்திருக்கிறோம்.
காலையில் போட்டால் இடப்பக்கம்,
ராத்திரி போட்டால் வலப்பக்கம்.
இன்றிரவு அது நடுவில் இருக்கிறது.
நானா, பூனையா?
வியாகுலம் அட்டையை எண்ணுகிறாள்.
ஒன்றரை குறைகிறது.
அவளுக்கு அது போதாது.
"வாயைத் திற. நாக்கைத் தூக்கு."
டார்ச் அடித்துக் கடைவாய் வரைக்கும் தேடுகிறாள்.

"முப்பது" என்கிறேன்,
வெளிச்சத்துக்குள்ளிருந்து.

"என்னது முப்பது?"