ஏழு கிலோ

கல்லடிப் பாலம், விடிய ஐந்தரை.
முதுகில் ஐந்து கிலோ சம்பா, இரண்டு கிலோ பருப்பு.
ஏழுக்கு மேல் ஏறினால்
மலிவு விமானம் காசு கேட்குமாம்.
தோளைப் பழக்குகிறேன்.

சீனி வருத்தத்துக்கு நடக்கிற நேசமலர் டீச்சர்
நின்று பார்க்கிறா.
"எங்க கா, மூட்டையோட?"
"சும்மா, டீச்சர்."
நம்பவில்லை.
சும்மா என்ற ஊருக்குப்
பொம்பிளைகளுக்கு இன்னும் பஸ் விடவில்லை.

சீ.ஆர். கொப்பியில் பதினாறு நாள் எழுதி வைத்திருக்கிறேன்,
மருந்துக் களஞ்சியத்தில் பகல் முழுக்கக் கணக்கெழுதும்
அதே பேனையால்.
ஹெல்சிங்கி: எட்டுப்பேர் அறை, மேல்கட்டில்.
தாலினுக்குக் கப்பல், செவ்வாயில் மலிவு.
கோப்பன்ஹேகன்: குழாய்த் தண்ணீர் குடி, போத்தல் வாங்காதே.
மழை பெய்தால் நூலகம்,
சூடும் கழிவறையும் அங்கே இலவசம்.
ஒஸ்லோவில் ஒரு தேத்தண்ணி ஆயிரத்து முந்நூறு ரூபா.
ஒஸ்லோவில் நான் தேத்தண்ணி குடிக்கமாட்டேன்.

ஒஸ்லோவில் பெரியம்மாவின் மகள் தர்சிகா இருக்கிறாள்.
அவளிடம் போனால் கட்டிலுக்குக் காசில்லை,
புட்டுக்கும் மீன்கறிக்கும் காசில்லை.
தனிமைதான் கிடைக்காது.
அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

இங்கிருந்து அங்கே போனவர்கள்
உயிரைக் கொண்டு போனார்கள்,
சேட்டிபிக்கட்டைக் கொண்டு போனார்கள்,
கூறைச்சேலையைக் கொண்டு போனார்கள்.
பார்த்துவிட்டு வாறேன் என்று போன ஒருவரை
எங்கள் ஒழுங்கைக்குத் தெரியாது.
விசாப் படிவத்துக்கும் தெரியாது.
திரும்பி வருவாய் என்பதற்கு என்ன அத்தாட்சி?
கணவன் இல்லை.
பிள்ளை இல்லை.
வீடு, தங்கச்சிக்குச் சீதனமாக எழுதியாயிற்று.
வாவி இருக்கிறது என்று எழுத
அவர்கள் கோடு விடவில்லை.

போன சனி, ஒத்திகைக்கு,
பொத்துவில் பஸ் ஏறினேன்.
அறுகம்பையில் ஓலைக்கூரை ஹொஸ்டல், ஆறுபேர் அறை.
மேசையில் இருந்த பொடியன் பெயர் கிருசாந்தன்.
"லோக்கலுக்குக் குடுக்கிறல்ல அக்கா.
நானும் ஆரையம்பதிதான், கோவிக்காதீங்க."
புதுப் பாஸ்போட்டை எடுத்து வைத்தேன்.
ஒவ்வொரு தாளாகப் புரட்டினான், கடைசி மட்டை வரைக்கும்.
"இதுக்குள்ள ஒண்டும் இல்லையே."

அவனுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரி
சேட்டைப் பிழிந்து கயிற்றில் போட்டாள்.
அவள் குதிகாலும் என்னுடையதைப் போல வெடித்திருந்தது.
எதற்கு வந்தாய் என்று யாராவது கேட்டிருந்தால்
சும்மா என்றிருப்பாள்.
நம்பியிருப்பார்கள்.

கல்லடிக்குக் கடைசி பஸ் போய்விட்டது.
பொத்துவில் நிலையத்து வாங்கில்
பையைத் தலைக்கு வைத்துச் சரிந்தேன்.
அரிசிப் பக்கம் பரவாயில்லை,
பருப்புப் பக்கம் காதில் குத்தும்.
மூன்று நாய்கள்.
இரண்டு தரம் டோச் அடித்துப் பார்த்த ஒரு பொலிஸ்காரர்.
பஸ்சுக்கு நிற்கிறேன் என்றேன், பத்தரை மணிக்கு.
அது பொய்யும் இல்லை.
பயம் இருந்தது. அதையும் எழுதினேன்,
செலவுப் பக்கத்தில், தொகை போடாமல்.
பிளேன்டீ ஐம்பது. கட்டில் பூச்சியம்.

நாலரை பஸ்சில் கொண்டக்டர்,
"பாக்குக்கும் டிக்கெட் எடுங்க."
"ஏழு கிலோதான்."
"நிறுத்துப் பாத்தீங்களா?"
"ஓம்."
சிரித்துவிட்டு ஒன்றுதான் கிழித்தார்.
பொத்துவில் முதல் கல்லடி வரை.
கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறேன்,
திரும்பி வந்ததற்கு யாரும் கேட்டால்.

அன்று மத்தியானம் அந்தச் சம்பாவைத்தான் சமைத்தோம்.
சோத்தில் றப்பர் மணக்குது என்றாள் தங்கச்சி,
கோப்பையைத் தள்ளி வைத்தாள்.
புதுப் பையின் மணம்.
நான் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன்.