ஒன்பது இலக்கம்

முனம்பத்தில் ஒரு போட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.
வயர்லெஸ்ஸும் ரேடாரும் சேர்த்து
எண்பதாயிரம் சொன்னதை
எழுபத்து நாலில் முடித்தார் கொஸ்மாஸ்.
கைலியில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்து
நீரோடிக்குக் கொண்டுவந்தார்.
லைசென்ஸ் வேண்டாமா என்றேன்.
வித்தவன் எடுத்து வச்சிருக்கானே என்றார்.
அன்றைக்கு எனக்கும் அது பதிலாகத்தான் பட்டது.

எங்கள் தெருவில் எதிர்வீடு பொழியூர் அஞ்சல்.
மழை பெய்தால் முற்றத்துத் தண்ணீர்
யாரையும் கேட்காமல் கேரளத்துக்குப் போகும்.
சமையலறையில் போனுக்கு ஒரு மாநிலம்,
துணி காயப்போடும் இடத்தில் இன்னொன்று.
இப்படி இருந்து பழகியவளுக்கு
ஒரு பெட்டிக்குள் அடுத்தவன் பெயர்
அழியாமல் உட்கார்ந்திருக்கும் என்று
எப்படித் தோன்றும்?

தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன
பதினோராம் நாள்.
இரவு இரண்டு பத்து.
"சேச்சி, ஞான் முனம்பத்துந்நு பேபிச்சன்.
என்டெ போட்டு முங்ஙுந்நு என்னு
கோஸ்ட் கார்டு விளிச்சு பறஞ்ஞு.
எனிக்கிப்போள் போட்டில்லல்லோ."

இல்லாத போட்டு மூழ்குகிறது.
இருக்கிற போட்டு எங்கே என்று
யாருக்கும் தெரியவில்லை.

விற்ற சீட்டைத் தேடியெடுத்து
அதன் முதுகில் கொஸ்மாஸ் கிறுக்கிய என் எண்ணுக்கு
அழைத்திருக்கிறான்.
அவர் எழுதும் ஏழு ஒன்று மாதிரி இருக்கும்.
முதல் இரண்டு அழைப்பும் வேறு வீடுகளை எழுப்பிவிட்டு
மூன்றாவதில் நான்.

விடியும்வரை அவன் போனை வைக்கவில்லை.
பேசவும் இல்லை.
அந்தப் பக்கம் ஃபேன் சுற்றும் சத்தம்,
ஒருமுறை யாரோ இருமியது.

ஐந்தே முக்காலுக்கு
வள்ளவிளைப் போட்டு ஒன்று சேதி சொன்னது:
மரிய கொரற்றியில் எல்லாரும் உறங்குகிறார்கள்.
சமையலுக்குப் போன நிக்சன்
கரி படிந்த பெட்டியைத் துடைத்திருக்கிறான்.
மூடியைத் தூக்கி, அந்தச் சிவப்புப் பொத்தானை
ஐந்து விநாடி
அழுத்தி,
நன்றாகவே துடைத்திருக்கிறான்.

அதற்கு ஆளைத் தெரியாது.
நானூற்றுப் பத்தொன்பதில் தொடங்கும்
ஒன்பது இலக்கம்தான் தெரியும்.
அந்த ஒன்பதும் பேபிச்சனுடைய போட்டு.
எங்கள் ஆட்கள் நிஜமாகவே முங்கியிருந்தால்
உடைத்து விற்ற பலகையின் பெயரைச் சொல்லித்தான்
கத்தியிருக்கும்.

கொல்லங்கோட்டில் அஜினுடைய கம்ப்யூட்டர் கடை.
ரேடாருக்குத் தனி வரி,
அதன் சக்தி எத்தனை, அலை எத்தனை.
இயக்குகிறவர் பரீட்சை எழுதியவரா?
கொஸ்மாஸ் பேனா பிடித்து முப்பது வருஷம்.
பதினாறாம் சேனலில் இத்தனை நாளும்
நெய்மீன் என்ன விலை,
பிள்ளைக்குப் பனி விட்டதா என்று கேட்டவர்
இப்போது கட்டிலில் படுத்து
மேடே மூன்று தரம்,
போட்டின் பெயர் மூன்று தரம் என்று
மச்சைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.
படிக்காத பிள்ளையை அடிப்பதுபோல
தொடையில் தானே ஒன்று போட்டுக்கொள்கிறார்.

முந்தைய உரிமையாளர்
உரிமத்தை ஒப்படைத்துவிட்டாரா?
பேபிச்சனைக் கேட்டேன். நாளை என்றான்.
அடுத்த வாரமும் நாளை.
சண்டை பிடிக்கலாம் என்று எடுத்த அன்று
அவனே சொன்னான், அயச்சு சேச்சி,
இந்நலெ அயச்சு.
கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம்.
பிறகு, உங்கள் நம்பர் வந்தால் சொல்லுங்கள்,
எழுதிவைத்துக்கொள்கிறேன் என்றான்.

ஆபத்தில் அழைக்க இரண்டு பேர் வேண்டுமாம்.
முதலில் நான்.
இரண்டாவது பேபிச்சன், முனம்பம் என்றேன்.
அஜின் அடித்தான்.
உறவு?

அவன் விரல் காத்திருந்தது.
பின்னால் ரேஷன் கார்டோடு நான்கு பேர்.

ராத்திரி ரெண்டு மணிக்கு எடுப்பான்
என்று போடு என்றேன்.
அதுக்கு இடம் இல்லக்கா என்றான்.