கழித்தல் தொண்ணூற்றொன்பது

தார்த்துவில் ஹெல்வே திறந்த கோப்பில்
அந்த ஏரி, ஒரு மார்ச்சில், பதினேழு நாள்
கழித்தல் தொண்ணூற்றொன்பது டிகிரி.
பூமியில் எந்தத் தண்ணீரும் அப்படிக் குளிராது.

குளிரில்லை அது.
அளக்காத நாளுக்கு இட்டு வைத்த எண்.
வெறுமனே விட்டால் இயந்திரம் மிரளும் என்று
இல்லாததற்கு ஒரு சட்டை தைத்துப் போட்டிருக்கிறார்கள்.
தெரியாமல் எவனோ அதையும் கூட்டிச் சராசரி எடுத்துக்
கட்டுரையே எழுதிவிட்டான்.
அது இன்னும் அப்படியே இருக்கிறது, மேற்கோள்களோடு.

மூன்று பல்கலைக்கழகங்களின் ஒப்பந்தம்
நாற்பது பக்கம். விஷயம் இவ்வளவுதான்:
தார்த்துவின் ஏரியைக் குவோப்பியோ வைத்துக்கொள்ளும்,
குவோப்பியோவின் காட்டை ரீகா,
ரீகாவின் கடற்பறவைகளைத் தார்த்து.
கைமாற்று. வட்டி கிடையாது.
திருப்பிக் கேட்கும்போது
ஒரு இறகு கூடவும் கூடாது, குறையவும் கூடாது.
இரவு இரண்டு மணிக்கு
இயந்திரங்கள் ஒன்றையொன்று தட்டி எழுப்பும்:
நேற்றைய நீதானே?
நேற்றைய நான்தான்.
மறுபடி உறக்கம்.

விடுபட்ட காரணம், என்று கேட்டது படிவம்.
கருவிப் பழுது. வானிலை. பிற.
ஹெல்வே நிலவறைக்கு இறங்கிப் போனாள்.
ஈரம் தின்ற அட்டைப்பெட்டி,
பென்சிலில் எழுதிய குறிப்பேடு:

*ஒன்பது. நம் கயிறும் ஏணியும்
மீன்பிடிக்கிறவர்கள் வாங்கிப் போனார்கள்.
பனிக்கட்டி உடைந்து இருவர் உள்ளே.*
*பதினாறு. ஒருவர் கிடைத்தார்.*
*இருபத்தைந்து. ஏணி வந்தது. கயிறு வரவில்லை.*
*இருபத்தாறு. புதுக் கயிறு. 0.4 டிகிரி.*

திரையில் மூன்று ஊர்.
அந்தக் கட்டத்தில் இருபது எழுத்துதான் கொள்ளும்
என்றான் தௌனோ, குவோப்பியோவிலிருந்து.
ஒரு கயிற்றுக்காக வார்ப்புருவை மாற்றினால்
நாளை ஆளுக்கொரு கயிறு கொண்டு வருவார்கள்.
பெயர்கள் இருக்கின்றனவா, என்றாள் இல்சே,
மடியில் சளி பிடித்த குழந்தையோடு.
இருந்தால் மறைக்க வேண்டும்.
இல்லை, என்றாள் ஹெல்வே.
எழுதியவர் எழுதவில்லை.
குழந்தை தும்மியது.
அடுத்த பொருள்: வட்டு வாங்கும் செலவு.

மாலையில் தௌனோவிடமிருந்து ஒரே ஒரு வரி:
முந்நூறாக்கிவிட்டேன். யாரிடமும் சொல்லாதே.

முந்நூறும் தேவைப்படவில்லை.
அவள் பழுது என்று எழுதவில்லை,
வானிலை என்றும் எழுதவில்லை.
*கயிறு மீட்புக்குக் கொடுக்கப்பட்டிருந்தது.*
எண்ணைத் தொடவில்லை.
தொண்ணூற்றொன்பது அதே சட்டையில் நின்றது.

அன்றிரவு இரண்டு மணிக்குக்
குவோப்பியோ கேட்டது: நேற்றைய நீதானே?
இல்லை, என்றது தார்த்து.

எச்சரிக்கை மணி
தௌனோவின் தலையணைக்கு அடியில் அதிர்ந்தது.
கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு
எது மாறியிருக்கிறது என்று படித்தான்.
திரும்ப ஒருமுறை படித்தான்.
வெளியே பனி வாரும் வண்டி போய்க்கொண்டிருந்தது.
ஏற்கிறேன், என்று அழுத்திவிட்டு
வெகுநேரம்
விளக்கை அணைக்காமல் இருந்தான்.