பதினாறு அங்குலம்

அதிகாலை மூன்று பத்துக்கு
அலமாரி கீழே வந்தது.
இடி என்று நினைத்தாள் வெர்னா கௌப்பி.
பிப்ரவரியில் தண்டர் பேயில் ஏது இடி என்பது
எழுந்து உட்கார்ந்த பிறகே உறைத்தது.

விளக்கைப் போட்டால்
பன்னிரண்டு தட்டில் ஒன்பது போயிருந்தது.
தரையெங்கும் கிரான்பெரி ஜாம்.
சுவரில் நான்கு ஓட்டைகள்,
பால்பல் விழுந்த வாய்.
தம்பி ரெய்யோ போன வருஷம் அடித்த பிளாஸ்டிக் ஆணிகள்
திருகைக் கட்டிப்பிடித்தபடியே
அடுப்பின் மேல் கிடந்தன.
அவை பிடியை விடவில்லை, பாவம்.
விட்டது சுவர்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் என்போம் நாம்.
அங்கே சுவரே சித்திரம்:
இரண்டு காகிதம், நடுவே அரை அங்குல ஜிப்சம்,
மேலே வெளிர்மஞ்சள் பெயின்ட்.
சுமக்கிற சுவர் உள்ளே நிற்கிறது,
ஸ்ப்ரூஸ் கட்டைகளாக,
பதினாறு அங்குலத்துக்கு ஒன்று.

ரெய்யோ போனில் சொன்னான்,
ஒருவர் தாங்க ஒருவர் திருக
அது இரண்டு ஆள் வேலை, ஞாயிறு வருகிறேன்.
எந்த ஞாயிறு என்று அவள் கேட்கவில்லை.

சனிக்கிழமை, ஆஸ்பத்திரி லாண்டரியில் ஷிப்ட் இல்லை.
கதவுகளைக் கழற்றினாள், தட்டுகளை உருவினாள்.
வெறுங்கூடே இருபத்தெட்டு கிலோ.
ஃபிரிட்ஜிலிருந்து காந்தத்தைப் பிய்த்தாள்,
ஹாலிஃபாக்ஸ் என்று எழுதிய சிவப்புச் சிங்கிறால்.
சுவரில் அதைத் தேய்த்துக்கொண்டே போக
ஓரிடத்தில் ஒட்டி நின்றது.
விரலால் தட்டினாள். டொக்.
பக்கத்தில், டொம்.
டொக்கில் பென்சில் கோடு.
அளவுநாடா. பதினாறு. டொக். கோடு.
மறுபடி பதினாறு.
டொம்.

இரண்டு அங்குலம் இந்தப் பக்கம், டொம்.
அந்தப் பக்கம், டொம்.
இருக்க வேண்டியவன் இல்லை.

கத்தியால் ஒரு சதுரம் அறுத்தாள்.
கையை விடுமுன் டார்ச் அடித்தது நல்லதாயிற்று:
நடுக்கட்டை பாதியில் வெட்டுண்டு நின்றது,
கீழே குறுக்குச் சட்டத்தின் மேல்
துருப்பிடித்த சவர பிளேடுகள்.
இருநூறு இருக்கும். முந்நூறும் இருக்கலாம்.
மறுபக்கம் குளியலறை.
அங்கே ஒரு காலத்தில் மருந்துப் பெட்டி,
அதன் முதுகில் உண்டியல் போல ஒரு கீறல்.
மழுங்கியதை அதில் போட்டால் போயிற்று
என்று நம்பியிருக்கிறான் யாரோ.
பெட்டி போய், அவனும் போய்,
அவன் காலைகள் மட்டும் போகாமல்
இருபுறமும் விளிம்போடு கிடந்தன.

சிங்கிறாலை நூலில் கட்டி இறக்கினாள்.
கொத்துக் கொத்தாய் ஏறி வந்தன.
காப்பி டப்பா நிறைந்தது.

பிறகு சதுரத்தை அகலமாக்கினாள்
இருபுறமும் நல்ல கட்டை தெரியும் வரை.
அவற்றுக்கு நடுவே
மேலே ஒன்று, கீழே ஒன்று, குறுக்குக் கட்டை.
சாய்த்து முடுக்கிய திருகுகள்
கீச்சென்று கத்தி அடங்கின.
அறுத்த ஜிப்சத்தைத் திரும்பப் பொருத்தினாள், கோணலாக.
அலமாரிக்குப் பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள்.

கூடு உட்கார, ரசமட்டம் வைத்து ஒரு நீளச் சட்டம்.
ரசக்குமிழி நடுவில் நிற்பதற்கே முக்கால் மணி நேரம்.

இரண்டாவது ஆள் கார் டிக்கியில் இருந்தான்.
பனியை உதைத்துத் திறந்து
ஜாக்கை எடுத்து வந்து சமையல் மேடையில் நிறுத்தினாள்,
அடியில் பலகை, மேலே மடித்த துவாலை.
கைப்பிடியைச் சுற்றச் சுற்ற
கூடு அரை அரை அங்குலமாய் எழுந்தது,
பேச்சில்லை, சிகரெட் இடைவேளை இல்லை,
நான் சொல்கிறபடி கேள் இல்லை.

மூன்றங்குலத் திருகு, அகலத் தலை.
முதல் ஒரு அங்குலம் லேசாகப் போனது.
அப்புறம் மரம் கடித்தது.
டிரில்லின் குரல் கனத்தபோது
அவள் தோள் தளர்ந்தது.
எட்டும் கடித்தன.

ஜாக்கை இறக்கினாள்.
மேடையில் மண்டியிட்டு,
கூட்டின் அடிச்சட்டத்தை இரு கையாலும் பற்றி
முழங்காலை மடக்கித் தூக்கினாள்.
ஐம்பத்து மூன்று வயது, எழுபத்தொரு கிலோ
அந்தரத்தில்.
எண்ணினாள், பதினாறு வரை.

ஞாயிறு ரெய்யோ உண்மையிலேயே வந்தான்.
அலமாரியை உலுக்கிப் பார்த்து
நான் போட்டதும் இப்படித்தான் இருந்தது என்றான்.
மிஞ்சிய மூன்று தட்டில்
இரண்டை எடுத்து வைத்தாள்,
அவனுக்கும் சேர்த்து.