பதினேழாவது வீடு

ஒன்பதில் தொடங்கு, பதினேழு பதினேழாய்த் தாண்டு.
பட்டியல் சொன்னது அவ்வளவுதான்.
கொக்குவில் ஒழுங்கையில்
கணக்கு அப்படி நேராய்ப் போவதில்லை.
குறித்த வீட்டுக் கேற்றில் ஆமைப்பூட்டு;
உள்ளே கனடாக் காசில் பூசிய சுவர்.
பூட்டியிருந்தால் பக்கத்து வீடு என்பது விதி.

பக்கத்து வீட்டில் நவரஞ்சிதம் மீன் வெட்டிக்கொண்டிருந்தா.
"என்ர வீட்டை ஏன் தம்பி தெரிஞ்செடுத்தனீர்?"
தற்செயல் என்றேன்.
"செல் விழேக்கையும் அப்பிடித்தான் சொன்னவங்கள்."

கேள்வி பதினொன்று:
நாடு சரியான திசையில் போகிறதா?
ஆம். இல்லை. தெரியாது.
விளைமீன் செதிளைத் தட்டிவிட்டுச் சொன்னா,
"கிணத்துத் தண்ணி உவர்க்குது, எழுதும்."
அதற்குக் கட்டம் இல்லை.
"மகன் பெலாரஸ் எல்லையில பனிக்குள்ள நிக்கிறான், எழுதும்."
அதற்கும் இல்லை.
'தெரியாது' என்பதில் புள்ளடி போட்டேன்.
அவவுக்குத் தெரியும்.
எனக்கும்.

கொழும்பில் யாரோ
அவவை நானூற்றுப் பன்னிரண்டால் பெருக்கினார்கள்.
அத்தனை முற்றத்திலும் ஒரே மீன்,
அத்தனை கிணறும் ஒருசேர உவர்த்து,
பிறகு தசமத்தில் வெட்டி மட்டமாக்கி.

மூன்றாம் கிழமை பேப்பரில் கொட்டை எழுத்து:
வடக்கில் நம்பிக்கை இரட்டிப்பு!
ஆறு வீதம் பன்னிரண்டாகியிருந்தது.
'தெரியாது' வரைபடத்திலேயே இல்லை.
வழு எல்லை, கூட்டல் கழித்தல் ஐந்து,
அடிவரியில் கிடந்தது,
வடை எண்ணெய் ஊறி.

தேத்தண்ணிக் கடையில் ஒருவர் கைதட்டினார்.
ஒருவர் தூஷணம் சொன்னார்.
இருவரும் அதே எண்ணைத்தான் காட்டினார்கள்.
"உண்மையோ?" என்றார் கடைக்காரர் என்னிடம்.
தொண்ணூற்றைந்து வீதம் நிச்சயம் என்றேன்.
"அப்ப மிச்ச அஞ்சுதான் எங்கட ஒழுங்கையாக்கும்."

சைக்கிளை எடுத்தேன்.
பூட்டிய கேற்றுக்கு உள்ளே
தேங்காய் ஒன்று விழுந்தது.