முன்னிலை ஒருமை

மூன்றாம் எபிசோடில் சிக்கல் இல்லை.
விசாரணை அறை, ஒற்றை பல்பு,
சலவைக்கடை மிரேயின் விரல்களில் நீலம் இன்னும் போகவில்லை.
இன்ஸ்பெக்டர் ஹான் மேசையைத் தட்டிக் கேட்கிறான்.
எனக்கு வந்த ஆங்கிலப் பிரதியில் ஒரே சொல்;
அதற்கு மரியாதையும் தெரியாது, அவமரியாதையும் தெரியாது.
யோசிக்காமல் எழுதினேன்:
"நீ அன்றிரவு எங்கே இருந்தாய்?"
பொலிஸ் வேறெப்படிக் கேட்கும்.

அஸ்மீர் அதை ஒரே டேக்கில் சொன்னான்.
பகலில் முதலாம் குறுக்குத் தெருவில்
போன் கண்ணாடி மாற்றுகிறவன்.
இரவில் நாரஹேன்பிட்டியில், முட்டை அட்டை ஒட்டிய அறையில்,
ஏசியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க
புசான் நகரத்துக் கொலைகளை விசாரிக்கிறான்.
கண்ணாடிக்கு அப்பால் சுரங்க.
தமிழ் ஒரு சொல் தெரியாது. திரையில் அலையைப் பார்த்து
"ஹரி" என்பான்,
இல்லையென்றால் விரலைச் சுழற்றுவான்: மறுபடி.

எட்டில் மழை. குடை ஒன்று, ஆட்கள் இரண்டு.
(கொரியாவில் இரண்டாவது குடை விற்பதில்லை போலும்.)
ஹான் அவளுடைய ரசீதுகளைத் திருடியிருக்கிறான்,
குப்பையைக் கிளறியிருக்கிறான்,
இப்போது தன் தோள் நனைய நடக்கிறான்.
"நீங்கள்" என்று மாற்றினேன்.
அஸ்மீர் நிறுத்தினான்.
"மூணுல நீ எண்டான். இப்ப நீங்க எண்டா
பயந்துட்டான் எண்டுதானே வருது?"
"காதலிக்கத் தொடங்கிட்டான்."
"அதத்தானே நானும் சொல்ற."

பதினான்கில் முத்தம். மறுபடி "நீ" வேண்டும்.
அதே எழுத்து, அதே நெடில்.
மேசையைத் தட்டிய கை அதற்குள் இன்னும் இருக்கிறது.

இரண்டாயிரத்தெட்டில் எனக்குப் பத்தொன்பது.
வெள்ளவத்தை லொட்ஜிலிருந்து எங்களை இறக்கிக்கொண்டுபோய்
ஸ்டேஷன் வாங்கில் இருத்தினார்கள்.
பெரியவர் சிங்களத்தில் கேட்டார்.
பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் தமிழாக்கினான்:
"நீ என்னத்துக்குக் கொழும்புக்கு வந்தனீ?"
சிங்களம் பழகிப்போன பிறகு ஒருநாள்
நூறாம் இலக்க பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகையில்
அந்தக் கேள்வி அதன் சொந்த மொழியில் திரும்பி வந்தது.
பெரியவர் சொன்னது "ஒயா".
அது அவ்வளவு மோசமில்லை. மனைவியையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.
"நீ" ஆக்கியவன் மொழிபெயர்த்தவன்.
இப்போது அந்த உத்தியோகம் எனக்கு.

கடைசி எபிசோட். கொன்றவள் மிரேதான்.
துறைமுகத்துக் காற்றில் விலங்கோடு வருகிறான் ஹான்.
கையை நீட்டு என்றால் பொலிஸ்காரன்.
கையை நீட்டுங்கள் என்றால் யாரோ.
நீயை வெட்டி எறிந்தாலும்
வினைமுற்றின் வாலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.
தமிழில் ஒளிய இடமில்லை.

அப்படிச் சொல்லவும் முடியாது.
மூன்று மாதமாக நானும் அஸ்மீரும்
சாப்பாடாச்சா, பஸ் கிடைச்சுதா,
மழைபோல இருக்கு
என்றே சமாளித்து வருகிறோம்.
ஒருதடவைகூட வழுக்கவில்லை.

பதினொன்றேகாலுக்கு எழுதினேன்:
"கை."
ஹானின் வாயும் அவ்வளவுதான் திறக்கிறது.

அஸ்மீர் தாளைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை.
நான்கு தரம் சொன்னான்.
முதல் மூன்றிலும் விலங்கு கேட்டது.
நான்காவதுக்கு சுரங்க விரலைச் சுழற்றவுமில்லை,
ஹரி சொல்லவுமில்லை.
கொஞ்சநேரம் கழித்து ஏசியைப் போட்டான்.

படிக்கட்டில் லைட் போய் இரண்டு வாரம்.
கீழிருந்து மூன்றாவது படி உடைந்தது,
இருவருக்கும் தெரியும்.
முன்னால் இறங்கியவன் அங்கே நின்று
திரும்பாமல் சொன்னான்:
"பாத்து."

வினையெச்சம்.
அதற்கு வால் கிடையாது.